டிசம்பரில் பிறந்தவன்

அன்புள்ள செல்வம்,

தீபாவளிக்குப் பேசியதோடு சரி. நீ ரெண்டு தடவை மெசேஜ் போட்டும் நான் பதில் எழுதவில்லை. திட்ட வேண்டியதை ஊருக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கடை ஓடுகிறது. பெரியவள் பத்தாவது, வீட்டில் டிவி போடத் தடை. இவ்வளவுதான் செய்தி. இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

போன ஞாயிறு, கிரவுண்டில் என்னிடம் கால்பந்து பழகும் நம்ம குட்டியை அண்டர்-14 டிரையல்ஸுக்குக் கூட்டிப்போனேன். எந்த அகாடமி என்று கேட்காதே. ஊக்கு குத்திய 43-ஆம் நம்பர் பிப் அவனுக்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது. ஆனால் ஆட்டத்தைப் பார்த்திருக்கணும்டா. பந்து வருவதற்கு முன்னாலேயே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பந்து காலுக்கு வரும்போது யாருக்குக் கொடுக்கணும் என்று முடிவாகியிருக்கும். இதை நான் சொல்லித்தரவில்லை, அவனாகவே செய்கிறான். மத்தியானம் அங்கிருந்த கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டச் நல்லா இருக்கு சார். உடம்பு பத்தாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

1998 ஞாபகம் வந்ததா? எனக்கு வந்தது. சப்-ஜூனியர் செலக்‌ஷனில் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

தேர்வானவர்கள் பட்டியலைப் பிறந்த தேதியோடு சுவரில் ஒட்டியிருந்தார்கள். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜனவரி, பிப்ரவரி, மறுபடி ஜனவரி, மார்ச். வயது ஜனவரி 1-இலிருந்து கணக்கு. குட்டி பிறந்தது டிசம்பர் 28. அந்த வயதில் பதினோரு மாதம் என்றால் நாலு விரல் உயரம், செல்வம்! வருஷ ஆரம்பத்தில் பிறந்தவனையே பொறுக்கி எடுக்கும் இந்தக் கோளாறு உலகம் முழுக்க இளையோர் கால்பந்தில் உண்டு. வயதை மறைப்பவனைப் பிடிக்க வழி வந்துவிட்டது. 2009-இலிருந்து அண்டர்-17 உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், எலும்பு முழுசாகக் கூடிவிட்டிருந்தால் பையன் பதினேழைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்துவிடும். மெதுவாக வளரும் பையனைக் கண்டுபிடிக்க நம்மூரில் யாராவது எதையாவது எடுத்துப் பார்க்கிறார்களா? பெல்ஜியத்தில் லேட்டாக வளரும் பையன்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்திருக்கிறார்கள். கிரீஸ்மனை உடம்பு பத்தாது என்று பிரான்ஸ் கிளப்புகள் ஒதுக்கின, அவன் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்தான். கான்டே பிரான்ஸின் ஒரு இளையோர் அணியிலும் ஆடியதில்லை. 2018-இல் உலகக் கோப்பையை வாங்கிய அணியில் ரெண்டு பேரும் இருந்தார்கள்.

2017-இல் அண்டர்-17 உலகக் கோப்பை நம்ம நாட்டில் நடந்தபோது கொச்சிக்கு ரயில் ஏறியது ஞாபகம் இருக்கா? கலூர் ஸ்டேடியத்தில் பிரேசில் 2, ஸ்பெயின் 1. நீ மஞ்சள் சட்டைக்குப் பேரம் பேசி முதல் பத்து நிமிஷத்தைக் கோட்டைவிட்டாய். ரெண்டு நாள் கழித்து முருகன் கடை டிவியில் இந்தியா-கொலம்பியா மேட்ச். 82-ஆவது நிமிஷம், கார்னர், ஜீக்சன் சிங் தலையால் முட்டினான். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். நீ கத்தி முடிப்பதற்குள் அவர்கள் ரெண்டாவதைப் போட்டுவிட்டார்கள். மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. அன்றைக்கு நமக்கு அதுதான் பெரிசாகத் தெரிந்தது.

இன்றைக்கு யோசித்தால் பெரிய விஷயம் அதற்கப்புறம் நடந்ததுதான். அந்தப் பையன்களைக் கலைக்காமல் இந்தியன் ஏரோஸ் என்று ஒரே அணியாக, கிளப்புகள் மோதும் ஐ-லீகில் இறக்கி, பெரிய ஆட்களோடு மோத விட்டார்கள். முதல் மேட்ச்சிலேயே நம்ம சென்னை சிட்டியை 3-0 என்று அடித்தார்கள். உனக்குக் கசப்பாக இருக்கும், அடுத்த சீசன் ஐ-லீக் கோப்பையையே சென்னை சிட்டி வாங்கி, அது நம்ம கோவை நேரு ஸ்டேடியத்துக்கு வந்துவிட்டது, ஆறுதல்பட்டுக்கொள். ஜீக்சன், சுரேஷ், அன்வர் அலி எல்லாம் சீனியர் அணிக்கு வந்தார்கள். அன்வருக்கு இதயக் கோளாறு என்று ஆடவே கூடாதென்றார்கள். கோர்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து 2022-இல் ஹாங்காங் மேல் கோல் போட்டான். அதே 2022-இல் ஏரோஸை மூடிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நைஜீரியா அண்டர்-17 கோப்பையை ஐந்து தடவை வாங்கியிருக்கிறது. சீனியர் உலகக் கோப்பையில் காலிறுதி பார்த்ததில்லை. ஜெர்மனி நாலு தடவை சீனியர் கோப்பையை வாங்கிய நாடு, அண்டர்-17 கோப்பை கைக்கு வந்தது 2023-இல்தான். 2009-இல் நைஜீரியாவை அதன் சொந்த மண்ணிலேயே ஃபைனலில் தோற்கடித்தது ஸ்விட்சர்லாந்து. அந்த அணியின் ஷாக்காவும் ரோட்ரிகஸும் செஃபரோவிச்சும் பிற்பாடு மூன்று சீனியர் உலகக் கோப்பையில் சேர்ந்து ஆடினார்கள். பதினேழில் கோப்பை வாங்குவதை விட, இருபத்தைந்தில் யார் மிஞ்சுகிறார்கள் என்பதுதானே கணக்கு? பதின்மூன்று வயதிலேயே உயரத்தைப் பார்த்துக் கழித்துவிட்டால் மிஞ்சுவதற்கு யார் இருப்பார்கள்?

திங்களிலிருந்து குட்டி கிரவுண்டுக்கு வரவில்லை. நேற்று அவன் அண்ணன் சைக்கிளில் வந்து, நான் வாங்கிக்கொடுத்த பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். மண் ஒரு பொட்டு இல்லாமல் துடைத்து, லேஸைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறான்.

அதனால்தான் எழுதுகிறேன். நான் போய்ச் சொன்னால் கோச் சமாதானம் சொல்கிறார் என்று தலையாட்டிவிடுவான். நீ சொன்னால் கேட்பான். அந்த 1998 செலக்‌ஷன், நீ ஒரு வருஷம் பந்தைத் தொடாமல் இருந்தது, அப்புறம் பி.டி. சார் உன் வீட்டுக்கே வந்தது, எல்லாவற்றையும் அவனுக்கு எழுது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் பூட்ஸோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

உன்
ராஜு