வீட்டு இணைய இணைப்பின் பொது முகவரியை அறிவிக்காமல் எடுத்தமை பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
12.09.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.
(பிரதி: மட்டக்களப்புக் கிளை முகாமையாளர்)

ஐயா / அம்மணி,

2022 பெப்ரவரியில் உங்கள் மட்டக்களப்புக் கிளையில் பைபர் இணைப்பு எடுக்க வந்தபோது நான் கேட்டது ஒரு கேள்விதான். வெளியூரில் நிற்கும்போது என் வீட்டுக் கொம்பியூட்டரைத் திறக்க வேண்டும், அதற்குப் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து என் வீட்டு இணைப்பை நேரே அடையக்கூடிய இணைய நம்பர், கிடைக்குமா? கவுண்டரில் இருந்த தம்பி உள்ளே போய் விசாரித்து வந்து, "கிடைக்கும் டீச்சர். நம்பர் இடைக்கிடை மாறும், ஆனா பொது முகவரிதான்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் கையெழுத்து வைத்தேன். மாறுகிற நம்பரை ஒரு நிலையான பெயரோடு கட்டி வைக்க இலவச சேவைகள் இருப்பதால் அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. திருகோணமலையில் கருத்தரங்குக்குப் போன இடத்திலும், கொழும்பு பஸ்ஸிலும் வீட்டில் இருப்பதைத் திறந்து கேட்டிருக்கிறேன்.

வீட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் என் முறைப்பாடு உங்களுக்கு விளங்கும். என் அப்பா மத்தளம் அடிப்பவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் வடமோடி என்ற ஆடிப் பாடும் நாட்டுக்கூத்து ஏறினால் அப்பா களரியில், அதாவது கூத்து மேடையில் நிற்பார், அம்மா பக்கத்தில் ரேப் றெக்கோடரோடு இருப்பார். மின்சாரம் இல்லாத ஊர்கள், பெரிய பற்றரி போட்டுத்தான் பதிவு செய்வார்கள். சி-90 கசற்றில் ஒரு பக்கம் 45 நிமிடம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகிற ஒரு கூத்துக்கு ஆறு கசற் வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒருக்கால் கசற்றைத் திருப்பிப் போட்டது அம்மாதான். பதிவுகளில் அது கேட்கும்: பாத்திரம் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத்தாளம் போய்க்கொண்டிருக்கும், ஒரு 'டக்', பிறகு அம்மாவின் இருமல், பிறகு தாளம் நடுவிலிருந்து மீண்டும் வரும்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கல்லடி வீட்டில் கடல் ஏறியது. கலியாணப் படம், அப்பாவின் கூத்துக் கொப்பிகள், அவருடைய மத்தளம் எல்லாம் போயின. கசற் பெட்டி மட்டும் அந்த நேரம் கொக்கட்டிச்சோலையில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பியது. 64 கசற். அப்பா 2011 இல் காலமானார். நான் பாடசாலை விட்டு வந்து இரவில் ஒவ்வொன்றாக ஓட விட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். கசற் ஓடுகிற நேரம்தான் ஏற்றுகிற நேரமும், எனவே மொத்தம் 96 மணித்தியாலம். குடும்ப வீடியோக்களையும் சேர்த்தால் இப்போது ஒன்றரை டெராபைட். வீட்டுக் கொம்பியூட்டரில் உள்ள பதிவுகளைப் போனிலும் டிவியிலும் திறக்க உதவும் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளில் அடுக்கி, எந்த ஊர், எந்த வருடம், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் யார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, இனி ஜூலைக்கு வருகிறேன். அம்மாவைச் சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமைக்குக் கூட்டிப் போனேன். மருந்து ஏற்றிய இரவு அவருக்கு நித்திரை இல்லை. பதினொன்றரை மணி இருக்கும், "அப்பாட மத்தளத்தக் கொஞ்சம் போடு மகள்" என்றார். போனை எடுத்துத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே நின்றது. சிக்னல் போதாதோ என்று ஜன்னலடிக்கும் போய்ப் பார்த்தேன். கடைசியில் கல்லடியில் மச்சாளை எழுப்பினேன். பாவம், அவள் எழுந்து வந்து வீட்டு டிவியில் அதே பதிவைப் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தாள். அப்பாவின் மத்தளம் தகரத்தில் தட்டுவது போல வந்தது. சல்லரி என்ற கைத்தாளம் கேட்கவே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "வை மகள், அவள் படுக்கட்டும்" என்றார். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வீட்டில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேரும் வழியைத்தான் நீங்கள் அடைத்திருந்தீர்கள்.

ஊருக்குத் திரும்பி வந்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து கிடைத்திருந்த முகவரி 100.81 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012 இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை: பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் சி.ஜி.நாட் முறைக்கு. இந்த முறையில் வீட்டிலிருந்து போகிற கோரிக்கைக்குப் பதில் ஒழுங்காகத் திரும்பி வரும், அதனால் யூடியூப், வட்சப் எதிலும் வித்தியாசம் தெரியாது. வெளியிலிருந்து முதலில் வந்து தட்டுகிறவருக்கு மட்டும் எந்த வீட்டுக் கதவு என்று தெரியாது. ரவுட்டரில் வெளியார் வர நான் எத்தனை வாசல் (போர்ட்) திறந்து விட்டாலும் பயனில்லை, ஏனென்றால் பூட்டு உங்கள் பக்கத்தில் இருக்கிறது.

இதை உங்கள் தொலைபேசிச் சேவைக்கு ஐந்து தடவை சொல்லிவிட்டேன். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். மகரகமையில் உங்கள் போனுக்கு சிக்னல் குறைவு என்றார்கள். 320 கேபிபிஎஸ் ஒலிப்பதிவுக்கு அரை எம்பிபிஎஸ் கூடத் தேவையில்லை, அதே போனில் அதே அறையில் வீடியோ அழைப்பு ஓடியது. இன்னொருவர் "எல்லாத்தையும் போனில ஏத்திக்கொண்டு போயிருக்கலாமே" என்றார். என் போனில் மொத்த இடம் 64 ஜிகாபைட்.

ஓகஸ்டில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பிள்ளை, அவரை நான் குறை சொல்லவில்லை. வேகத்தை அளந்து காட்டினார், நல்ல வேகம். பிறகு ஹோலில் டிவியைப் போடச் சொன்னார், கூத்து ஓடியது. "ஓடுது தானே டீச்சர்" என்று சொல்லி முறைப்பாட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டுப் போனார். வீட்டுக்குள் டிவி பார்க்கும்போது பதிவு அலுமாரியில் இருக்கும் கொம்பியூட்டரிலிருந்து ரவுட்டருக்கு வந்து அங்கிருந்து டிவிக்குப் போகிறது. உங்கள் பைபர் கம்பியைக் கழற்றி வைத்தாலும் அது ஓடும். அவர் தன் போனில் வைபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் ஒருக்கால் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பிழை தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய வகை ஐபி முகவரிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பது எனக்கும் தெரியும். 32 பிட் கணக்கில் உலகத்துக்கே சுமார் 429 கோடிதான், ஆசிய பசிபிக் வலயத்துக்கான பொதுக் கையிருப்பு 2011 இலேயே தீர்ந்துவிட்டது. நீங்கள் முகவரிகளைப் பங்கிடுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் சொல்லித் தந்ததைச் சொல்லாமல் எடுத்ததில் நியாயம் இல்லை. பில் பிந்தினால் மூன்று எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை, தமிழிலும் இல்லை, வேறு மொழியிலும் இல்லை. கடைசியாகப் பேசியவர் வணிகப் பெக்கேஜுக்கு மாறச் சொன்னார். மாதக் கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்கு. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான் என் அப்பாவின் மத்தளத்தைக் கேட்க வணிக நிறுவனமாக வேண்டுமா?

இப்போதைக்கு என் மருமகன் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுத் தந்திருக்கிறான். பொது முகவரி இல்லாமலே போனையும் வீட்டுக் கொம்பியூட்டரையும் இணைப்பது அது. என் போனில் அது வேலை செய்கிறது. ஆனால் நேர்வழி கிடைக்காத நேரம் எல்லாம் இடையில் வேறொரு சேர்வரைச் சுற்றித்தான் வருகிறது, வீடியோ திக்கித் திக்கி நிற்கிறது. திருகோணமலையில் அக்கா வீட்டுப் பழைய டிவியில் அதைப் போடவே முடியவில்லை. அவருக்கும் இந்தப் பதிவுகளில் என்னளவு உரிமை இருக்கிறது.

எனவே என் இணைப்பைப் பழையபடி பொது முகவரிக்கு மாற்றித் தாருங்கள். அதற்கு நியாயமான மேலதிகக் கட்டணம் இருந்தால் தொகையை எழுத்தில் தாருங்கள், கட்டத் தயாராக இருக்கிறேன். தட்டுப்பாடு இல்லாத புதிய வகை முகவரியான ஐபிவி6 என் பகுதியில் இருந்தால் அதையும் திறந்து விடுங்கள், இல்லையென்றால் எப்போது வரும் என்று சொல்லுங்கள். 'தீர்க்கப்பட்டது' என்று மூடிய முறைப்பாட்டைத் திருத்தி மீண்டும் திறக்க வேண்டும். முகவரி மாற்றிய திகதியை எனக்கு அறிவித்து, அன்றிலிருந்து வாங்கிய கட்டணத்தில் ஒரு பகுதியை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். பதிலைத் தமிழில், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புங்கள். வாயால் சொன்ன வார்த்தையை நம்பி ஒருமுறை ஏமாந்தது போதும்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதே கடிதத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் அனுப்புவேன். ரவுட்டர் பக்கத்தின் படங்களையும் நான் பேசிய ஐந்து அழைப்புகளின் திகதி, நேரத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 14 இல் அம்மாவை மீண்டும் மகரகமைக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கு முன் சரி செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கல்லடி வாடிக்கையாளர்