படிக்கிற பிள்ளைக்குப் பட்டாளம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

பினாங்கில் ஆண்டுதோறும் கல்வி வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்தும் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கேள்வி நேரத்தில் எழுந்து நின்ற பச்சைச் சேலைக்காரி நான்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே இராணுவ அதிகாரியாவதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டேன். மேடையில் இருந்த ஐயா சிரித்தார். "நல்லா படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா பட்டாளம்?" என்றார். மண்டபமும் கூடச் சிரித்தது. ஒலிபெருக்கி அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. படிவம் ஐந்தில் படிக்கும் என் மகள் முந்தானையைப் பிடித்து இழுத்து என்னை உட்கார வைத்தாள். வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயா, நான் கேட்டது பாலாபெஸ் பற்றி. படிக்காத பிள்ளையால் அதில் சேரவே முடியாது. அது பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே இருக்கும் சேமப்படை (தேவைப்படும்போது அழைக்கப்படும் படை) அதிகாரிப் பயிற்சி. வார இறுதிகளில் பயிற்சி, ஆண்டுக்கொரு முகாம், இப்படியே மூன்று ஆண்டுகள். முடித்தவர்கள் மாமன்னரின் ஆணை பெற்ற லெஃப்டினன் மூடாவாக, அதாவது இளநிலை இராணுவ அதிகாரியாக, வெளியே வருகிறார்கள். படிப்பை விட வேண்டியதில்லை. அப்புறம் பொறியியலாளராகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்துக்கொண்டே சேமப்படையில் இருக்கலாம். இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு பட்டர்வொர்த்தில், விமானப்படைத் தளத்துக்குக் கொஞ்சம் தள்ளி. ஹார்னெட் போர் விமானம் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், என் மகன் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடுவான். அவனையும் நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் உங்கள் கருத்தரங்குக்குத்தான் கூட்டி வந்தேன். நீங்கள் கொடுத்த கையேடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. மருத்துவம் இருக்கிறது, பல் மருத்துவம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் ஏஜெண்டின் வண்ண விளம்பரம் பின்னட்டை முழுக்க இருக்கிறது. இராணுவம் என்ற சொல்லை நேற்றும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். இல்லை.

என் மகன் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வை முடித்து கோலாலம்பூரில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தான். முதல் வாரத்தில் புறப்பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீனியர் ஒருவன் "பூப்பந்து எடு, சுலபமாகப் புள்ளி கிடைக்கும்" என்றானாம். எடுத்துவிட்டான். அதே பட்டியலில் பாலாபெஸ்ஸும் இருந்திருக்கிறது. அது என்னவென்று அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரியவந்தது அறைத்தோழனால். அவன் கிளந்தான் பையன். இரவு பத்து மணிக்குத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கிவி டப்பாவும் துணியுமாக உட்கார்ந்து பூட்ஸ் தேய்ப்பானாம். முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டுமாம். என் மகன் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் தைரியமாகப் போய், நானும் சேரலாமா என்று கேட்டிருக்கிறான். இருப்பது இரண்டு ஆண்டு, பயிற்சிக்கு வேண்டியது மூன்று ஆண்டு. அவ்வளவுதான் கணக்கு. அன்று இரவு போன் செய்து, "அம்மா, இதெல்லாம் யாருமே நமக்குச் சொல்லலையே" என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இப்போதும் வார இறுதியில் விடியுமுன் தோழன் கிளம்பும்போது இவனுக்கும் தூக்கம் கலைந்துவிடுகிறதாம்.

பட்டம் முடித்தபின் நேரடியாக விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. அதை அவன் பார்த்துக்கொள்வான். என் மகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சுங்கை பெசியில் 2006 முதல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கே கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர்ந்தால் பட்டப்படிப்பும் அதிகாரிப் பயிற்சியும் ஒன்றாகவே நடக்கும், பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இதை நானே கைப்பேசியில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கா நுழைவுக் கட்டணம் கட்டி உங்கள் மண்டபத்துக்கு வந்தேன்?

என் கோரிக்கை சின்னது. அடுத்த கருத்தரங்கில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பணியில் இருக்கும் ஓர் அதிகாரியையோ ஓய்வு பெற்ற ஒருவரையோ அழையுங்கள். அரை மணி நேரம் போதும்.

நம் விழா மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "நம் பிள்ளைகள் இராணுவத்தில் சேருவதே இல்லை." மாலை போட்டுக்கொண்டு இப்படி வருத்தப்படுகிறவர்களே, கேட்க வரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்து அனுப்பினால் எப்படிச் சேருவார்கள்? 1967இல் மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. அவர் பெயர் வந்தால் மட்டும் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பெயரையாவது கையேட்டில் ஒரு மூலையில் போட்டிருக்கலாம், பின்னட்டையில்தான் இடமில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். நீங்கள் சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெற்றோர் பக்கத்திலும் பயம் உண்டு. பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், பதவி உயர்வு நம்மவர்களுக்குக் கிடைக்குமா என்று என் மாமியார் தினமும் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்த ஒருவரை மேடையில் உட்கார வைத்து இதையெல்லாம் நேராகக் கேட்கத்தான் அந்த அரை மணி நேரம் வேண்டும் என்கிறேன். அவர் சொல்வது பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுகிறோம். தெரிந்து வேண்டாமென்று சொல்லட்டும் எங்கள் பிள்ளைகள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வரும் அதிகாரியை அழைத்துவரக் கார் இல்லையென்றால் சொல்லுங்கள், என் வீட்டுக்காரர் கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறார். அன்று காசு வாங்க மாட்டார்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா