‘டச் டவுன்’ என்ற சொல்லின் பொருள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் கால்பந்தின் ‘டச் டவுன்’ என்ற சொல்லுக்குப் ‘பந்தைத் தரையில் பதித்தல்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, இங்கே தென்னாப்பிரிக்காவில் திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரை மணிக்குத் தொடங்கும் சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தை என்னோடு விழித்திருந்து பார்த்த பேரன், பந்து தரையில் படாமலே புள்ளி எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். அவன் ஐயம் நியாயமானது. பந்தை ஏந்திவரும் வீரர் கோல் கோட்டுக்கு நேர்மேலே பந்தின் நுனியைக் கொண்டுவந்தாலே அந்த ஆட்டத்தில் ஆறு புள்ளிகள் உண்டு.

பந்தைத் தரையில் அழுத்தியே ஆகவேண்டியது, டர்பனில் நாங்கள் பார்த்து வளர்ந்த ரக்பியில்தான். ஆனால் அங்கே அதற்குப் பெயர் ‘ட்ரை’, அதாவது முயற்சி. தொடக்ககால ரக்பியில் பந்தைப் பதித்ததற்கென்று புள்ளி கிடையாது. பந்தை உதைத்துக் கோல் அடிக்க முயலும் உரிமை மட்டுமே கிடைக்கும். 1874இல் ஹார்வர்ட் மாணவர்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணியோடு ஆடி இவ்வாட்டத்தைக் கற்றனர். 1876இல் அமெரிக்கக் கல்லூரிகள் ரக்பி விதிகளையொட்டியே தங்கள் விதிகளை வகுத்தன. காலப்போக்கில் பந்தைப் பதிக்கும் கட்டாயம் அங்கே மறைந்தது, ‘டச் டவுன்’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. டச் டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பை அமெரிக்க விதிநூல் இன்றும் ‘ட்ரை’ என்றே குறிப்பிடுவது, அந்தப் பழைய உறவுக்கு நல்ல சான்று.

எங்கள் நாட்டில் ஆஃப்ரிகான்ஸ் மொழியினர் ட்ரையை ‘ட்ரீ’ என்பார்கள். அம்மொழியில் மூன்று என்ற எண்ணுக்கும் அதுவே சொல். ஒரு காலத்தில் ட்ரைக்கு மூன்று புள்ளிகளே இருந்தன. அது 1971இல் நான்காகி, 1992இல் ஐந்தாகிய பின்னும் அவர்கள் அச்சொல்லை விடவில்லை. நம் மொழியிலும் எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் எள்ளுக்குத் தொடர்பே இல்லாத மண்ணெண்ணெயையும் நாம் அப்படித்தானே அழைக்கிறோம்?

ஆகவே, இனி இச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறாமல், ‘டச் டவுன்’ என்றே எழுதி, ‘பந்தோடு கோல் கோட்டை எட்டுதல், அல்லது கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதியில் பந்தைப் பிடித்தல்’ என்று விளக்கம் தருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்