அக்டோபர் 4க்கு நோட்டீஸ் எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கனடாவின் வின்னிப்பெக் நகரில் காணாமல்போன அந்தப் பூர்வகுடிப் பெண்ணுக்காக மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் கூட்டத்துக்குத் தமிழ் நோட்டீஸ் நீ எழுதுகிறாய் அல்லவா? ‘அஞ்சலி’, ‘நினைவேந்தல்’ இரண்டையும் முதலில் அடித்துவிடு. அவள் இறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. மைக்கிலும் ‘நன்றாகப் பாடுவாள்’ என்றே வரட்டும். ‘பாடுவாளாம், பாவம்’ என்று யாராவது இழுத்தால் முன்வரிசையில் நிற்கும் தாய்க்குக் கேட்கும்.

படத்தைக் குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும். போலீஸ் எடுத்த படம் என்றால் ‘ஏதோ கேஸ்’ என்று ஜனம் நகர்ந்துவிடும். கடைசியாகக் கண்ட தேதி, இடம், உடை, உயரம், பச்சை குத்திய அடையாளம், போலீஸ் புகார் எண் எல்லாம் வேண்டும். தொடர்புக்குப் போலீஸ் எண்ணைப் போடு. வீட்டு எண்ணைப் போட்டால் நள்ளிரவில் பணம் கேட்டு ஏமாற்றுக்காரர்கள் அழைப்பார்கள். அவள் எந்தப் பூர்வகுடியைச் சேர்ந்தவள், கிரீயா, அனிஷினாபேயா, மேட்டியா என்று கேட்டு எழுது. புகார் கொடுக்க 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பார்கள். கனடாவில் அப்படி விதியே இல்லை.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றி 2019 ஜூனில் வந்த தேசிய விசாரணை அறிக்கையில் 231 நீதிக் கோரிக்கைகள் உண்டு. பதாகை அத்தனையையும் தாங்காது. ஒரே கோரிக்கை என்ன செய்யும் என்று பார்: இதே ஊரில் கொல்லப்பட்ட இரு பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் ப்ரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் இருக்கும் என்று தெரிந்தும், தேடுவது சாத்தியமில்லை என்று 2022 டிசம்பரில் போலீஸ் கைவிரித்தது. ‘குப்பைமேட்டைத் தேடு’ என்றார்கள் குடும்பத்தார். சாலை மறியலிலும் கூடாரத்திலும் சட்டையிலும் அதே வாசகம். 2023 மாகாணத் தேர்தலில் அது பெரிய பேச்சானது, ஆட்சியும் மாறியது. 2024 டிசம்பரில் தேடல் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் எச்சங்கள் கிடைத்தன, இருவருடையவைதான் என்று மார்ச்சில் உறுதியானது. வெறுமனே ‘நீதி வேண்டும்’ என்றிருந்தால், ‘எங்களுக்கும் அதே வேதனைதான்’ என்று சொல்லிவிட்டு மந்திரி காரேறியிருப்பார். நீங்கள் கேட்க வேண்டியது: அந்தத் தெருக் கடைகளின் கேமராப் பதிவை வாங்கியாயிற்றா? பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால் இதில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

பிரார்த்தனைக்குப் பூர்வகுடி மூத்தவர் ஒருவரை அழைக்கும்போதே புகையிலையைக் கையில் கொடுத்துக் கேட்பதுதான் முறை. பேச்சில் குடும்பம் முதலில். அரசியல்வாதி வந்தால் கூட்டத்தோடு நிற்கட்டும்.

அக்டோபர் 4 அன்று ஏழு மணிவாக்கில் பொழுது சாயும். ஆறரைக்கே தொடங்கினால் படங்களில் முகம் தெரியும், பிறகு சுடர் தெரியும். காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டு மெழுகுவர்த்தியைச் செருகு. காற்றும் தடுக்கும், மெழுகும் கையில் சொட்டாது. காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் அடையாளமாகத் தொங்கவிடும் சிவப்பு உடைகளைக் கிளையில் சும்மா மாட்டினால் காற்றில் கொக்கி கழன்றுவிடும். கம்பியால் கட்டி, கீழ்விளிம்பை நைலான் நூலால் கல்லோடு பிணை.

முடிந்ததும் உடைகளை மடித்துத் துணிப்பையில் வை. கறுப்புக் குப்பைப் பையில் திணிக்காதே. அந்த ஊரில் அதைப் பார்க்கச் சகிக்காதவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.