மாவுக்கட்டு பிரித்த காலும் விண்வெளிக்குப் போன எலிகளும்

பாப்பா,

நேற்று வீடியோவில் இரண்டு காலையும் நீட்டிக் காட்டினாயே, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த இடது கெண்டைக்கால் வற்றிப்போய்த்தான் இருக்கிறது. அது எனக்குக் கவலையில்லை. "ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓடப் போறேன்பா" என்றாய் பார், அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

1993 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் மார்ட்டின் ஃபெட்மன் போனார். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர். நான் மாட்டுக் கொட்டகைகளில் அலைந்துகொண்டிருந்த காலம், நம் தொழில்காரர் ஒருவர் அங்கே போனார் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. அவர் குழுவோடு 48 எலிகளும் போயின, 14 நாள்.

எடையில்லாத இடத்தில் எலியின் காலுக்கு உடம்பைத் தாங்கும் வேலையே கிடையாது. கெண்டைக்காலில் ஆழமாக சோலியஸ் என்று ஒரு தசை இருக்கிறது. நாம் நிற்கும்போதெல்லாம் நிதானமாக, ஆக்சிஜனோடு கொழுப்பை எரித்து நாள் முழுக்கத் தாங்குவது அதுதான். பாரம் போனதும் அங்கே புதுப் புரதம் கட்டுவது குறைந்து, இருப்பதை உடைப்பது கூடுகிறது. ஒன்றிரண்டு வார விண்பயணத்திலேயே எலிகளின் சோலியஸ் கால்வாசிக்கு மேல்கூட எடை இழந்திருக்கிறது. அதே காலில் முன்பக்கம் விரலைத் தூக்கும் தசைக்கு அவ்வளவு இழப்பில்லை, ஏனென்றால் அது பாரம் சுமந்து பழகியதே இல்லை. உன் காலிலும் பின்பக்கம்தானே அதிகம் இளைத்திருக்கிறது?

அளவு மட்டும் மாறவில்லை, எரிபொருளும் மாறுகிறது. 1991-ல் ஒன்பது நாள் போய்வந்த எலிகளின் தசையைச் சோதித்தபோது சர்க்கரை வழியாக வருவதை எரிக்கும் திறன் அப்படியே இருந்தது, கொழுப்பை எரிக்கும் திறன் குறைந்திருந்தது. மெதுவாக இயங்கும் இழைகள் சில வேக இழைகளின் குணத்துக்கு மாறிவிடுகின்றன. அப்படிப்பட்ட தசை சட்டென்று இழுக்கும், சீக்கிரம் களைத்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1993-க்கு முன்பெல்லாம் எலிகள் தரைக்கு வந்த பிறகுதான் தசையை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் இழைகள் நுண்ணளவில் கிழிந்திருப்பது தெரியும், ஆனால் மேலே கிழிந்ததா கீழே கிழிந்ததா என்று சொல்ல முடியாது. ஃபெட்மன் குழு சில எலிகளை மேலேயே, பறந்துகொண்டிருக்கும்போதே அறுத்துத் தசையை எடுத்துவைத்தது. அந்தத் தசைகள் மெலிந்திருந்தன, கிழியவில்லை. இறங்கிச் சில மணி நேரம் தரையில் நடமாடிய எலிகளில்தான் கிழிசல் இருந்தது. ஆக, கிழித்தது மெலிந்த தசையின்மேல் திடீரென வந்து உட்கார்ந்த சொந்த உடம்பின் பாரம்.

உன் கட்டு பிரித்து நாலு நாள்தான் ஆகிறது. நீ இப்போது இறங்கின எலி, பாப்பா.

பிசியோ சொல்கிறபடி முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நில், இரண்டு காலிலும் பாரம் சமமாக விழட்டும். அப்புறம் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்கு. இறக்கும்போதுதான் தசை பாரத்தோடு நீள்கிறது, கிழிசல் வருவது அப்போதுதான், அதனால் மாடிப்படி ஏறுவதைவிட இறங்கும்போது கைப்பிடியை விடாதே. ஓட்டம் எப்போது என்பதை அவரே சொல்லட்டும். பாரம் திரும்பினால் தசையும் திரும்பும், அந்த எலிகளுக்கும் திரும்பியது.

தையல் டேப் ஒன்று வாங்கிக்கொள். முழங்காலுக்குக் கீழே பத்து சென்டிமீட்டரில் இரண்டு காலையும் ஞாயிறுதோறும் அளந்து எனக்கு அனுப்பு. அம்மா முருங்கைக்கீரைப் பொடி வறுத்து வைத்திருக்கிறாள், நாளைக்குக் கூரியரில் போடுகிறேன்.

அப்பா