ஆறாவது ஆளையும் ஏற்றிக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

ஜெர்மனியின் லைப்சிக்கில் என் முதுகலைப் படிப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதாக வந்த மாணவர்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பயணம் கூட்டிப்போனவர்கள் நீங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அதற்கான நன்றியை எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி எதிர் அறை அக்காவுக்கு. வந்து ஆறு வாரம் ஆகியும் எனக்கு மொழி வகுப்பும் விடுதி அறையும் தவிர எதுவும் தெரியாது. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடு. வரலைன்னா ரூமுக்கே வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றீர்கள். அந்த மிரட்டல் இல்லையென்றால் நான் விட்டன்பெர்க்கைப் பார்த்திருக்க மாட்டேன்.

அன்று சாக்சன் டிக்கெட் என்ற ஒருநாள் குழு ரயில் சீட்டில் போவதாகத் திட்டம். ஒரு சீட்டில் ஐந்து பேர்தான் போகலாம், பெயர்களையும் அதில் எழுத வேண்டும். மாணவர் பயணச்சீட்டு இன்னும் கைக்கு வராத புதியவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் நான் ஆறாவது. திரும்பிப் போய்விடலாம் என்று நின்றபோது, ஏற்பாட்டாளர்களில் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தில் இன்னொரு சீட்டு எடுத்து அதில் என் பெயரை எழுதினார். பணம் வாங்கவே இல்லை. தம்பி, அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

விட்டன்பெர்க்கில் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1517-இல் திருச்சபையின் வழக்கங்களை விமர்சித்து 95 கருத்துரைகளை அறைந்ததாகச் சொல்லும் தேவாலயக் கதவு இன்று மரக்கதவு அல்ல. 1858-இல் வைத்த வெண்கலக் கதவு அது. அதில் பொறித்திருந்த லத்தீன் வரிகளை ஒவ்வொன்றாக எளிய ஜெர்மனில் சொல்லி, எனக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்திய மாணவிக்கும் நன்றி. பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் ஜெர்மன் அதுதான்.

எங்களோடு பல முறை வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? நிக்கோலாய் தேவாலயத்தின் முன் நின்று, 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மன் அரசை எதிர்த்துத் திரண்ட சுமார் 70,000 பேரில் தானும் ஒருத்தி என்றீர்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரவு திரும்புவோமா என்று தெரியாமலே கிளம்பியதைச் சொன்னபோது உங்கள் குரல் மாறியது. அந்தத் தெருவில் பிறகு நான் அவசரமாக நடந்ததே இல்லை.

புக்கன்வால்டு போனது பனிக்காலத்தில். வைமார் நகருக்குப் பக்கத்தில், 56,000 பேர் மாண்ட நாஜி வதைமுகாம். அணிவகுப்புத் திடலில் தரையோடு தரையாக ஓர் உலோகப் பலகை. அதை ஆண்டு முழுவதும் மனித உடலின் சூடான 37 டிகிரியிலேயே வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பனி, அதன் மேல் மட்டும் இல்லை. குனிந்து உள்ளங்கையை வைத்தேன். வைமாருக்குத் திரும்பியதும் அடுத்து எங்கே என்று யாரும் அவசரப்படுத்தாமல், ஒரு மணி நேரம் எங்களைச் சும்மா உட்காரவிட்டீர்கள். பயணத் திட்டத்தில் அப்படி ஓர் இடைவெளி வைக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஹாலேயைப் பற்றி மட்டும் எவ்வளவு எழுதினாலும் ஆறாது. கிறிஸ்தவ மறைபணியாளர் சீகன்பால்கு படித்த ஊர் அது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் அவர். அச்சு இயந்திரத்தோடு, ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் பின்னர் தரங்கம்பாடிக்குக் கப்பலில் போயின. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. ஹாலேயிலுள்ள ஃபிராங்கே அறநிலையத்தின் பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மேல் மாடியில் உள்ள அரும்பொருள் கூடத்தில், பதப்படுத்திய முதலைக்கும் சங்குகளுக்கும் அருகே, கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச்சுவடி. "உன் மொழிதானே, வாசியேன்" என்று எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எது மெய், எது உயிர்மெய் என்று திணறி நான்கைந்து சொற்களைக் கூட்டி வாசித்தேன். அதுவரை நீங்கள் காட்ட, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் காட்ட, நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். அன்று இரவு நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபரில் புதியவர்கள் வருவார்கள். ஹாலே பயணத்துக்குத் தேதி குறித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் ரயிலேறி வந்துவிடுகிறேன். அதற்குள் பழைய ஓலை எழுத்தைச் சரியாக வாசிக்கப் பழகிவிடுகிறேன்.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் ஆறாவது ஆள்