பவர் இருக்கிறது, பார்த்தது இல்லையே

பண்ணைக்காடு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இங்கே விடாத சாரல். களத்தில் காயப்போட்ட காப்பியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து அக்கா பவர், அதாவது தன் சார்பில் நீ காரியம் பார்க்க அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பப் போகிறார், வத்தலக்குண்டு வீட்டுக் குடித்தனக்காரர் மேல் நீயே கேஸ் போடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போடு. அதற்கு முன் நான் பட்ட பாட்டைக் கேட்டுக்கொள்.

டொராண்டோ தம்பி இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கு அக்ரிமென்ட் போட்டது உனக்குத் தெரியும். லீவில் வந்திருந்தபோது அட்வான்ஸையும் அவனே கையில் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு தோட்டக்காரர் கிரயம் எழுதித் தர மறுத்துவிட்டார். தம்பி அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பவர் அனுப்பினான். அந்தப் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

கோர்ட்டில் போடும் வழக்கு மனுவான பிராதில் வாதி என்று என் பெயரையே எழுதிக்கொண்டு போனேன். வக்கீல் சிரித்துவிட்டு அந்தப் பெயரை அடித்துவிட்டார். வழக்கு தம்பியுடையது, அதனால் வாதி அவன்தான். ‘அவருக்காக அவரது பவர் ஏஜென்ட்’ என்று கீழேதான் நான் வருவேன். பிராதில் கையெழுத்துப் போடலாம், வக்கீல் வைக்க வக்காலத்துக் கொடுக்கலாம். சரி, நானே வாதாடிவிடட்டுமா என்று கேட்டேன், ஃபீஸ் மிச்சமாகுமே! பவர் இருந்தால் வக்கீலாகிவிட முடியாது, கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 1999லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம்.

உண்மையான அடி கூண்டில்தான் விழுந்தது. அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் போய் இறங்கும்வரை சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை. “அட்வான்ஸ் கொடுத்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?”

“இல்லை. பழம் எடுக்க ஆள் விட்டிருந்தேன், தோட்டத்தில் இருந்தேன்.”

“மிச்சப் பணம் உங்கள் தம்பியிடம் தயாராக இருந்ததா?”

“இருந்தது என்று சொன்னான்.”

“அவர் சொன்னார். வேறு கேள்வி இல்லை.”

2004 டிசம்பரில் ஜானகி வாஸ்தேவ் போஜ்வானி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 3, முகவர் (அதாவது பவர் ஏஜென்ட்) ‘செயல்பட’ வழிவிடுகிறது. பவர் கொடுத்தவர் சொல்ல வேண்டிய சாட்சியத்தை முகவர் சொல்வது அதில் அடங்காது. அந்த வழக்கிலும் மனைவிக்காகக் கணவர்தான் கூண்டேறினார், செல்லவில்லை. நான் கண்ணால் பார்த்ததை, நானே செய்ததை மட்டும்தான் நான் சொல்லலாம்.

கிரயம் கேட்கும் வழக்கில் இது இன்னும் கறார். வாங்குகிறவர் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா என்பது அவர் மனசு சம்பந்தப்பட்டது, அவரே வந்து சொல்ல வேண்டும் என்று 2010இல் மன் கௌர் வழக்கில் தீர்ப்பு. ஒரு விலக்கு உண்டு: வெளிநாட்டுப் பிள்ளையின் காரியம் முழுவதையும் பெற்றவரே பார்ப்பதுபோல, எல்லாவற்றையும் ஏஜென்டே நடத்தியிருந்தால் அவர் சாட்சியம் எடுபடலாம். நம்மவன்தான் எல்லாவற்றையும் தானே பேசி முடித்துவிட்டுப் போனவனாயிற்றே! இப்போது அவன் டொராண்டோவிலிருந்தே வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல மனுப் போட்டிருக்கிறோம்.

உன் கதை வேறு, மாப்ளே. குடிவைத்தது நீ, மாசாமாசம் வாடகை வாங்கியது நீ, காலி செய்யச் சொன்னதும் நீ. அதையெல்லாம் நீ கூண்டில் தைரியமாகச் சொல்லலாம். வாடகை பாக்கி வைத்த மாதங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் இப்போதே எழுதி வை. அக்காவும் குடித்தனக்காரரும் போனில் ஏதாவது பேசிக்கொண்டார்களா என்று மட்டும் கேட்டுவிடு. பேசியிருந்தால் அந்தப் பகுதிக்கு அக்காதான் வர வேண்டும். பவரில் ‘வழக்குத் தொடர’ என்ற வார்த்தை இருக்கிறதா என்றும் பார்.

அடுத்த வாய்தா தை கடைசியில். அப்போது கீழே இறங்கி உன் வீட்டுக்கு வருகிறேன். காப்பித்தூள் வாங்காதே, நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் நண்பன்